ஒரே அளவில் பிறக்கும் மணிகள்

நேயர்களுக்கு வணக்கம்.

வாளித் தண்ணீரில் பினாயிலை ஊற்றியதும் அது பால்போல் வெளுப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கரையாத எண்ணெய் மிக நுண்ணிய துளிகளாகப் பிரிந்து ஒளியைச் சிதறடிப்பதால் வரும் வெண்மை அது. இன்று நான் பேசவிருக்கும் பாலிமர் நுண்மணிகளும், அதாவது சிறு மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்து உருவாகும் பொருளாலான நுண்மணிகளும், அப்படியொரு வெளுப்பில்தான் பிறக்கின்றன. ஆனால் பினாயில் துளிகள் பல அளவுகளில் இருக்கும். இவையோ ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கும்.

எத்தனாலில், மணிகளின் மூலப்பொருளான ஸ்டைரீனையும், அதனுடன் பி.வி.பி. எனப்படும் பாலிவினைல் பிரோலிடோனையும், வினையைத் தொடங்கிவைக்கும் ஏ.ஐ.பி.என். தூளையும் கரைத்தால் தெளிவான திரவம் கிடைக்கிறது. நைட்ரஜனைச் செலுத்தி ஆக்சிஜனை வெளியேற்றிவிட்டு, 70 டிகிரி செல்சியஸில் மெதுவாகக் கலக்கிக்கொண்டிருந்தால், ஸ்டைரீன் மூலக்கூறுகள் கோத்துக்கொண்டு சங்கிலிகளாக நீள்கின்றன. ஸ்டைரீன் எத்தனாலில் கரையும், அதன் சங்கிலியான பாலிஸ்டைரீன் கரையாது. இந்தச் செய்முறையின் உயிர்நாடி அதுதான். ஓரளவு நீண்ட சங்கிலிகள் சுருண்டு, கரைசலிலிருந்து விலகி, ஒன்றோடொன்று ஒட்டிக் கருக்களாகின்றன. அவற்றின் மேல் பி.வி.பி. படிந்து, மேற்கொண்டு ஒட்டாதபடி வேலி போடுகிறது.

கருக்கள் எல்லாம் தொடக்கத்திலேயே, குறுகிய நேரத்துக்குள் தோன்றிவிட வேண்டும். அதன்பின் உருவாகும் சங்கிலிகளை ஏற்கெனவே உள்ள மணிகளே ஈர்த்துக்கொண்டு பருக்கின்றன. இடையில் புதுக் கரு பிறந்தால் அது பிந்திப் பிறந்த தம்பியாகச் சிறுத்தே நிற்கும். வினை ஒரு நாள் முழுதும் நடந்தாலும், அளவின் சீர்மை அந்த ஆரம்ப வேளையிலேயே முடிவாகிவிடுகிறது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஆய்வு மாணவனாக இருந்தபோது, மணிகள் எந்தக் கரைப்பானிலும் கரையாமல் உறுதியாக இருக்கட்டுமே என்று, சங்கிலிகளைக் குறுக்கே பிணைக்கும் டைவினைல்பென்சீனை முதலிலேயே சேர்த்துவிட்டேன். மறுநாள் காலை குடுவையின் அடியில் திரிந்த பாலைப் போல் கட்டிகள் கிடந்தன. நுண்ணோக்கியில் பார்த்தால் உருண்டைகளுக்குப் பதில் சுண்டைக்காய் வற்றல்கள். கருக்கள் உருவாகும் நுட்பமான வேளையில் பிணைப்பான் குறுக்கிட்டதன் விளைவு அது. கருக்கட்டம் முடியும்வரை பொறுத்திருந்து, பிறகு இத்தகைய பொருளைச் சேர்த்தால் சீர்மை கெடாது என்பதை டொரான்டோ பல்கலைக்கழகத்தின் மிட்செல் வின்னிக் குழுவினர் 2004-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு காட்டியது. தீர்வு இவ்வளவு எளிதா என்று எனக்குச் சற்று வெட்கமாகவே இருந்தது.

இம்முறையில் ஏறத்தாழ 1 முதல் 10 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை விட்டமுள்ள மணிகளை ஒரே படியில் பெறலாம். எத்தனாலுடன் சிறிது தண்ணீர் சேர்த்தால் சங்கிலிகள் கரைசலிலிருந்து சீக்கிரமே விலகி, கருக்கள் பெருகி, மணிகள் சிறுக்கின்றன. இந்த அளவை எட்ட ஒரு காலத்தில் விண்வெளிக்கே போனார்கள் என்றால் வியப்பாக இருக்கும். தண்ணீரில் விதைமணிகளைப் படிப்படியாக வளர்க்கும் வேறொரு முறையில், பெருத்த மணிகள் மிதந்தோ படிந்தோ போயின. வேகமாகக் கலக்கினால் கட்டிப்பட்டன. எடையற்ற நிலையில் மணிகள் மிதக்கவோ படியவோ மாட்டா என்பதால், அமெரிக்காவின் லீஹை பல்கலைக்கழகத்தின் ஜான் வான்டர்ஹாஃப் குழுவினர் 1982-இல் தங்கள் வினைக்கலனை விண்வெளி ஓடத்தில் அனுப்பினர். அவ்வகையில் கிடைத்த 10 மைக்ரான் மணிகளை 1985-இல் அமெரிக்கத் தேசியத் தர நிறுவனம் அளவுத் தரப்பொருளாக விற்றது.

துகள் எண்ணும் கருவிகளைச் சரிபார்க்க இத்தகைய மணிகளே அளவுகோல். திரவப்படிகத் திரைகள் பலவற்றில், இரு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே சில மைக்ரான் இடைவெளியைத் தாங்குபவையும் சீரான நுண்மணிகள்தான். அங்கே ஒரு மணி பெருத்துவிட்டாலும் அவ்விடத்தில் இடைவெளி மாறி, திரையில் கறைபோலத் தெரியும்.