அத்திவாரத்துக்குள்ள போன காசு

வணக்கம் மக்களே. யாழ்ப்பாணத்து மல்லாகத்தில ஒரு ஒழுங்கைக்குள்ள நிக்கிறன். பின்னால தோட்டத்துக்குத் தண்ணி இறைக்கினம், மோட்டார்ச் சத்தத்தைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கோ.

இந்த வீட்டைப் பாருங்கோ. கூரை இருக்கு, பூச்சு இல்லை, யன்னலுக்குச் சாக்குத்தான் மறைப்பு. வீட்டுக்கார அக்கா தன்ர முகம் காட்டவேண்டாமெண்டு சொன்னவ. இந்திய வீட்டுத்திட்டத்தில கட்டினது. வடக்குக் கிழக்கில 46,000 வீடு, 2012இல பெருசாத் துவங்கினது. ஆளுக்கு 5½ இலட்சம், வேலை நடக்க நடக்கக் கட்டங்கட்டமா வரும். சொந்தக்காரரே நிண்டு கட்டுறது, அது நல்ல முறை. அக்கா என்ன செய்தவ? மகளின்ர கலியாணத்துக்கு ஹோல் வேணுமெண்டு அத்திவாரத்தை அகட்டிப் போட்டிட்டா. காசு மண்ணுக்குள்ளயே முடிஞ்சுது. பிறகு நகை அடைவு. நான் அவவைக் குறை சொல்லேல்லை, எங்கட சனத்துக்குச் சின்ன வீடெண்டா ஒரு வெக்கம்.

2016இல இன்னொரு கதை. 65,000 இரும்புப் பொருத்து வீடு, ஒண்டு கிட்டத்தட்ட 21 இலட்சம் எண்டு அரசாங்கம் கொண்டுவந்தது. எங்கட வெய்யிலுக்க இரும்புச் சுவர்! உடைஞ்சா ஊர் மேசன் திருத்தேலாது, கூலியும் ஊருக்குள்ள நிக்காது. எதிர்ப்பு வந்து அது நிண்டுபோச்சு. நல்லதுதான்.

அப்ப எதால கட்டலாம்? மண்ணோட கொஞ்சம் சீமெந்து கலந்து, மிசினில அமத்தி, சுடாமச் செய்யிற கல் இருக்கு. விறகு மிச்சம், சீமெந்தும் குறையும். ஆனா எங்கட இந்த வலிகாமப் பக்கத்துச் செம்மண்ணைக் கிண்டாதேங்கோ, அது வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் உரிய மண். வீட்டுக்கு வேற மண் பாக்கவேணும். கூரைக்குப் பனஞ்சிலாகை, மேல ஓடு. பழைய வீடுகளில இண்டைக்கும் அப்பிடியே கிடக்கு. முதலில ஒரு அறை, குசினி, விறாந்தை. மற்றது காசு வரேக்க.

உதெல்லாம் காணி இருக்கிறவைக்கு. 1990இல சண்டையால வலிகாமம் வடக்கில இருந்து எழும்பி முகாமுக்குப் போனவையில, முந்தியே மற்றவையின்ர காணியில குடியிருந்து கூலிக்குப் போன சனமும் இருக்கு. ஆமி பிடிச்ச காணியை விட்டாலும் அதுகள் எங்க போறது? காணி உறுதிப் பத்திரம் இல்லாட்டி வீட்டுத்திட்டப் பட்டியலில பேர் வாறதே கஷ்டம். இரண்டு பரப்பு (பரப்பெண்டா எங்கட நில அளவு) காணி முதல், கல்லு பிறகு எண்டுதான் நான் சொல்லுவன்.

கல் அமத்துற மிசின் வாடகைக்கு எடுத்தவை ஆரும் இருந்தா, ஒரு நாளைக்கு எத்தினை கல் விழுந்ததெண்டு கீழ எழுதுங்கோ. அக்காவுக்குக் குசினிச் சுவர் இன்னும் மிச்சம்.