காவ்சான் ரோட்டில் தங்கி, படகில் பாங்காக் சுற்றுவது எப்படி?

[காட்சி: இரவு. காவ்சான் ரோடு. நியான் விளக்கு, நெரிசல், குச்சியில் குத்திய பொரித்த தேள்]

வணக்கம். முதுகுப் பையோடு பாங்காக் போய்விட்டு வந்தவர்களில் இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சி, "போதும்டா சாமி, எந்நேரமும் டிராஃபிக், போகிற இடமெல்லாம் பணம் பிடுங்குகிறார்கள்" என்று சொல்லும். இன்னொன்று அடுத்த டிக்கெட் எப்போது போடலாம் என்று பார்த்துக்கொண்டிருக்கும். இத்தனைக்கும் ரெண்டு கட்சியும் தங்கியது பெரும்பாலும் காவ்சான் ரோடு என்ற ஒரே தெரு, செலவழித்ததும் கிட்டத்தட்ட ஒரே பட்ஜெட். என்னைக் கேட்டால், எதில் ஏறிச் சுற்றினார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. ரோட்டை நம்பியவர்கள் நொந்துபோய் வந்தார்கள், படகைப் பிடித்தவர்கள் ஊரைப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

இது என்ன கணக்கு என்று பார்ப்போம்.

[காட்சி: வரைபடம். பழைய நகரம் மஞ்சளில், ரயில் பாதைகள் பச்சையில்]

காவ்சான் ரோடு மொத்தமே 400 மீட்டர் சொச்சம்தான். ஒரு காலத்தில் அரிசி வியாபாரம் நடந்த தெரு. 1982இல் பாங்காக் தலைநகரானதன் 200ஆம் ஆண்டு விழா வந்தது, வெளிநாட்டுக் கூட்டமும் வந்தது, அங்கே குடியிருந்தவர்கள் வீட்டு அறைகளை வாடகைக்கு விட ஆரம்பித்தார்கள். அரண்மனை பக்கத்திலேயே இருந்ததால் தெரு சூடுபிடித்துவிட்டது. ஆனால் 1999இல் பறக்கும் ரயில் வந்தபோது அது போனது கிழக்கே, மால்களும் ஆபீஸ்களும் இருக்கிற சுகும்வித், சீலோம் பக்கம். பழைய நகரத்துக்கு சுரங்க ரயில் எட்டிப் பார்க்கவே 2019 ஆனது, அதுவும் சாம் யோட், சனாம் சாய் நிலையங்கள் வரைக்கும்தான், அங்கிருந்து காவ்சானுக்கு அந்த வெயிலில் பையைச் சுமந்துகொண்டு நடப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. ஆக, பேக்பேக்கர்கள் குவிகிற தெருவுக்கும் ரயிலுக்கும் நடுவே ஒரு பெரிய இடைவெளி. அந்த இடைவெளியில்தான் டுக்-டுக், அதாவது அந்த ஊர் ஆட்டோ, நிற்கிறது.

[காட்சி: அரண்மனை மதில் ஓரம். நன்றாக உடுத்திய ஒருவர் சிரித்தபடி வருகிறார்]

இந்த ஏமாற்று வேலை பல வருடப் பழசு, ஆனாலும் இன்னும் ஓடுகிறது. அரண்மனையை நோக்கி நடந்து போகும்போது ஒருவர் நல்ல ஆங்கிலத்தில் பேச்சுக் கொடுப்பார். எந்த நாடு, முதல் தடவையா, எங்கே தங்கியிருக்கிறீர்கள், எல்லாம் அன்பாக. அப்புறம், "இன்றைக்கு புத்தருக்கு விசேஷ நாள், அரண்மனை மதியம்தான் திறப்பார்கள், அதுவரை டுக்-டுக்கில் நாலு கோயில் பாருங்கள், 20 பாட்தான்" என்பார் (பாட் என்பது தாய்லாந்துப் பணம்). கையில் மேப் இருந்தால் பேனாவால் வட்டம் போட்டும் கொடுப்பார். நம்பி ஏறினால் ஒரு கோயில், ஒரு தையல் கடை, அப்புறம் ரத்தினக் கடை. ஆளைக் கடைக்குள் கொண்டுபோய் விட்டாலே டிரைவருக்குக் கமிஷனோ பெட்ரோல் கூப்பனோ கிடைக்கும், அதனால்தான் 20 பாட் அவருக்குக் கட்டுப்படியாகிறது. அரண்மனையோ, அரச நிகழ்ச்சி ஏதும் இல்லையென்றால், தினமும் காலை 8.30க்கே திறந்துவிடும். ரோட்டில் யார் என்ன சொன்னாலும் சரி, டிக்கெட் கவுண்டர் வரை நீங்களே போய்ப் பாருங்கள்.

(தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். டிக்கெட் 500 பாட், ஆமாம், அதிகம்தான். ஆனால் உள்ளே பிராகார மண்டபம் முழுக்க ராமாயணத்தைச் சுவரில் வரைந்து வைத்திருக்கிறார்கள், 178 பகுதிகள். அவர்கள் ஊர் அனுமார் பிரம்மச்சாரி கிடையாது, அதை மனதில் வைத்துக்கொண்டு பாருங்கள், சுவாரசியம் கூடும்.)

[காட்சி: ப்ரா ஆதித் படகுத்துறை, காலை]

சரி, படகு. காவ்சானிலிருந்து பொடிநடையாக ஆற்றுப் பக்கம் போனால் ப்ரா ஆதித் படகுத்துறை. அங்கே டூரிஸ்ட் படகு என்று ஒன்று இருக்கிறது, நீலக் கொடி, விலை கூட. துறையில் நிற்பவர்கள் உங்கள் முதுகுப் பையைப் பார்த்ததும் அதற்குத்தான் கை காட்டுவார்கள். நமக்கு வேண்டியது ஆரஞ்சுக் கொடி. ஆபீஸ் போகிறவர்கள், காவி உடுத்திய பிட்சுகள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாரும் ஏறுவது அதில்தான். எங்கே இறங்கினாலும் ஒரே கட்டணம், 16 பாட் அளவில்.

படகு துறையில் ஒட்டும்போது பின்பக்கம் கயிற்றோடு நிற்பவரைக் கவனியுங்கள். ஓட்டுபவருக்குப் பின்பக்கம் தெரியாது, அதனால் இவர் விசிலாலேயே பேசுகிறார்: கொஞ்சம் பின்னே, இன்னும் கொஞ்சம், போதும், கிளம்பு. கயிறு கட்டையில் ஒரு சுற்று சுற்றி இறுகியதும் தாவி ஏற வேண்டும், யோசித்துக்கொண்டு நின்றால் போய்விடும். ஏறியதும் ஓர் அம்மா நீளமான தகரக் குழாயை கிளிக் கிளிக் என்று தட்டிக்கொண்டு வருவார். சில்லறை, டிக்கெட் சுருள் எல்லாமே அந்தக் குழாய்க்குள்தான். வருகிறபோது கையில் காசு தயாராக இருந்தால் அவருக்கும் நிம்மதி.

தா சாங்கில் இறங்கினால் அரண்மனை. தா தியனில் 46 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கிற புத்தர், அங்கேயே சின்னப் படகில் எதிர்க்கரைக்குப் போனால் வாட் அருண் கோயில். ராச்சவோங் என்றால் சைனா டவுன். கடைசியாக சாத்தோன் துறை, இறங்கிய இடத்திலேயே பறக்கும் ரயில் நிலையம். அங்கிருந்து சீலோம் மாரியம்மன் கோயில் பக்கம்தான். 19ஆம் நூற்றாண்டில் தமிழர்கள் எழுப்பிய கோயில், இன்றைக்குத் தட்டோடு வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் தாய்லாந்துக்காரர்கள்.

[காட்சி: குறுகலான கால்வாய். படகு சீறி வருகிறது]

ஆற்றைவிட எனக்குப் பிடித்தது சேன் சேப் கால்வாய். ஜனநாயக நினைவுச் சின்னத்தைத் தாண்டிக் கொஞ்சம் நடந்தால் பான்ஃபா துறை, அங்கிருந்து கிழக்கே ப்ரதூநாம், மால்கள் இருக்கிற பகுதி. மேலே ரோட்டில் கார்கள் அசையாமல் நிற்கும், கீழே இந்தப் படகு பறக்கும். தண்ணீர் கறுப்பு, நாற்றமும் உண்டு, அதை மறைத்துச் சொல்ல விரும்பவில்லை. எதிரே இன்னொரு படகு வந்தால் ஓரத்தில் உட்கார்ந்திருப்பவர் சட்டென்று கயிற்றை இழுப்பார், தார்ப்பாய் மேலேறித் தெறிக்கிற தண்ணீரைத் தடுக்கும். அந்த இடத்தில் உட்கார்ந்தால் கயிறு உங்கள் பொறுப்பு! கண்டக்டர் ஹெல்மெட் போட்டுக்கொண்டு படகுக்கு வெளியே, விளிம்பில் கால் வைத்தபடி நடந்து வந்து டிக்கெட் கொடுப்பார். பெரிய பையோடு மட்டும் இதில் ஏறாதீர்கள், சின்னப் பை போதும்.

[காட்சி: சாலையோரக் கடை, மஞ்சள் கொடி]

சாப்பாடு பற்றிக் கேட்பீர்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். சைவம் சாப்பிடுகிறவர்கள் சிவப்பு எழுத்துப் போட்ட மஞ்சள் கொடியைத் தேடுங்கள், அது சுத்த சைவக் கடை, பூண்டுகூட இருக்காது. மற்ற இடங்களில் காய்கறிப் பொரியலில்கூட மீன் சாஸ் ஊற்றியிருப்பார்கள். ஏடிஎம்மில் வெளிநாட்டுக் கார்டுக்கு ஒவ்வொரு தடவையும் 220 பாட்டோ அதற்கு மேலோ போய்விடும், அதனால் எடுப்பதை மொத்தமாக எடுங்கள்.

இருட்டியதும் இரண்டு படகையும் நம்ப முடியாது. அப்போது மீட்டர் டாக்ஸிதான், 35 பாட்டில் தொடங்கும். மீட்டர் போட மாட்டேன் என்றால் அடுத்த வண்டி, இல்லையா, போனில் ஆப் இருக்கிறது. டிரைவரிடம் காவ்சான் ரோடு என்று சொல்லாமல் ப்ரா ஆதித் ரோடு என்று சொல்லிப் பாருங்கள், கூட்டத்துக்குள் வண்டி மாட்டாது.

அப்புறம் ஒன்று. சியாங் மாய்க்கு இரவு ரயில் பிடிப்பவர்கள் பழைய வழிகாட்டிகளைப் பார்த்து ஹுவா லம்போங் என்ற பழைய நிலையத்துக்குப் போய்விடாதீர்கள். 2023 ஜனவரியிலிருந்து அந்த ரயில்கள் கிருங் தேப் அபிவாட் நிலையத்திலிருந்து கிளம்புகின்றன, சுரங்க ரயிலில் பாங் சூ என்ற நிறுத்தத்தில் இறங்க வேண்டும். நிலையம் ரொம்பப் பெரியது, பிளாட்ஃபாரம் தேடவே அரை மணி நேரம் ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள்.