ரொட்டிக்காரர் கட்டிய கல்லறை

நேயர்களுக்கு வணக்கம். ரோமானியக் கல்லறை என்றாலே பேரரசர்களின் சமாதியைத்தான் பேசுவார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது ஒரு ரொட்டிக்காரர் கல்லறை. ஆமாம், ரொட்டி சுட்டு விற்றவர்தான். பெயர் எவ்ரிசாக்கெஸ். ஏறக்குறைய கி.மு. 30-20 வாக்கில் வாழ்ந்தவர், முன்பு அடிமையாக இருந்து விடுதலையானவர் என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள்.

அந்தக் காலத்தில் ஊர் எல்லைக்குள் யாரையும் அடக்கம் செய்யக்கூடாது, அதனால் சாலையோரங்களில்தான் கல்லறைகள். இவர் பிடித்ததோ இரண்டு பெரிய சாலைகள் பிரிகிற முக்கு! இடம் கோணலாக இருந்ததால் கட்டடமும் கோணல், நான்கு பக்கமும் நான்கு அளவு. உள்ளே கான்கிரீட், வெளியே டிராவர்டைன் என்ற வெளிர் நிறச் சுண்ணாம்புக் கல். கீழே செங்குத்தாக உருளைகள் நிற்கும். மேலே அதே மாதிரி உருளைகளைப் படுக்க வைத்து, வட்ட வாய்கள் வெளியே பார்க்கும்படி வரிசை வரிசையாக அடுக்கியிருக்கிறார்கள். மாவு பிசையும் தொட்டிகள் என்கிறார்கள் சிலர், தானியம் அளக்கும் மரக்கால் என்கிறார்கள் சிலர். எனக்குத் தொட்டி என்றுதான் படுகிறது.

அப்புறம் உச்சியில் ஓடும் சிற்ப வரிசை. இதைப் பற்றி நாள் முழுக்கப் பேசலாம். தானியம் வருகிறது, கணக்கு எழுதுகிறார்கள், கழுதைகள் செக்குமாடு மாதிரி சுற்றிச் சுற்றி மாவு அரைக்கின்றன, சலிக்கிறார்கள், பிசைகிறார்கள். மேசைகளைச் சுற்றி நின்று ஆட்கள் மாவை உருட்டுகிறார்கள், ஒருவர் நீளக் கைப்பிடித் துடுப்பால் ரொட்டியை அடுப்புக்குள் தள்ளுகிறார். கடைசியில் பெரிய தராசில் நிறுவை, பக்கத்தில் டோகா என்ற ரோமானிய மேலாடை போர்த்திய அதிகாரிகள். கவனியுங்கள், இதில் போர் இல்லை, தெய்வம் இல்லை. வேலை, வேலை, வேலை மட்டும்தான். தான் ரொட்டிக்காரர், ஒப்பந்தக்காரர் என்று கல்வெட்டிலும் பெருமையாகப் பொறித்து வைத்திருக்கிறார் மனிதர்.

நேரம் முடியப் போகிறது என்கிறார்கள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மனைவி என்று கருதப்படும் அதிஸ்தியாவுக்கும் அங்கே ஒரு கல்வெட்டு கிடைத்தது. அவருடைய எச்சங்கள் 'இந்த ரொட்டிக்கூடையில்' இருப்பதாக அது சொல்கிறது. பிற்காலத்தில் கோட்டை வாசல் கோபுரத்துக்குள் கல்லறை மறைந்துபோய், 1838-இல் அந்தக் கோபுரத்தை இடித்தபோதுதான் வெளியே வந்தது. ரோமுக்குப் போகிறவர்கள் போர்டா மஜ்ஜோரே வாசலுக்கு வெளியே போய்ப் பாருங்கள், சாலையிலிருந்தே தெரியும்.