மேல் லயத்துக் குழாய்

(மலேசியாவின் பேராக் மாநிலம், சுங்காயில் ஒரு கோயில் மண்டபத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களே, தாய்மார்களே, தம்பி தங்கைகளே, வணக்கம்.

நான் வளர்ந்த தோட்டத்தில் குன்றின் மேல் ஒரு தண்ணீர்த் தொட்டி இருந்தது. அங்கிருந்து குழாய் இறங்கி லயங்களுக்கு, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, வரும். விடியற்காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு முன் பெயர் கூப்பிடும் இடத்துக்கு, கிளம்பும் நேரம், கீழ் லயத்தில் எல்லாரும் குழாயைத் திறந்துவிட்டால் மேட்டிலிருந்த எங்கள் லயத்துக் குழாயில் காற்றுதான் வரும். அம்மா வாளியோடு நிற்பார். தொட்டியில் தண்ணீர் இருக்கும், எங்கள் வீடு வரை ஏறத்தான் அதற்கு அழுத்தம் இருக்காது. இன்றைக்கு நான் பேச வந்ததே இந்த அழுத்தத்தைப் பற்றித்தான்.

பூமிக்கு அடியிலும் இப்படிக் குழாய்கள் உண்டு. மலைச்சரிவில் பெய்யும் மழை மணல் அடுக்கிலோ நுண்துளைகள் உள்ள பாறையிலோ இறங்குகிறது. அந்த அடுக்கு சரிந்து ஆழத்துக்குப் போகும்போது, மேலும் கீழும் தண்ணீர் விடாத களிமண் மூடிக்கொண்டால், தண்ணீர் நடுவில் மாட்டிக்கொள்ளும். 10 மீட்டர் உயரத் தண்ணீர், சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 கிலோ வீதம் அழுத்தும். பள்ளத்தில் அந்த மூடியைத் துளைத்தால், தண்ணீர் தான் புறப்பட்ட உயரத்துக்கே திரும்பப் பார்க்கும். வழியெல்லாம் மணலோடு உரசி வருவதால் அவ்வளவு உயரம் எட்டாது. எட்டும் மட்டம் தரைக்கு மேல் இருந்தால் மோட்டார் இல்லாமலே பொங்கி வழியும். தரைக்குக் கீழ் இருந்தால் கிணற்றுக்குள் பாதியில் ஏறி நிற்கும். இரண்டுமே ஆர்ட்டீசியன் கிணறுதான்.

பிரான்சின் ஆர்த்துவா வட்டாரத்திலிருந்து வந்த பெயர் அது. பாரிஸ் நகரின் கிரெனெல் பகுதியில் 1833 கடைசியில் துளைபோடத் தொடங்கினார்கள். கருவி உடைந்து குழிக்குள் விழும், அதை எடுக்கவே மாதக்கணக்காகும். 1841 பிப்ரவரியில், 548 மீட்டர் ஆழத்தில், தண்ணீர் வெதுவெதுப்பாகப் பீறிட்டது. ஏழு வருஷம் ஒரே குழியை நம்பி நின்ற அந்த மனிதர்களை நினைத்தால் எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கும்.

தமிழ்நாட்டு நெய்வேலியில் இதே அழுத்தம் ஆபத்தானது. பழுப்பு நிலக்கரிக்கு அடியில் சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ அழுத்தத்தில் தண்ணீர் இருக்கிறது. ராப்பகலாக இறைத்து அதைத் தணிக்காவிட்டால் சுரங்கத்தின் தரையே பிளந்துவிடும்.

சரி, நம் பக்கத்துச் சுங்கை கிளா வெந்நீர் ஊற்று? அங்கே முட்டை அவித்துச் சாப்பிட்டவர்கள் இந்த மண்டபத்திலேயே இருப்பீர்கள். அது வேறு வகை. மழைநீர் கருங்கல் விரிசல்களில் இறங்கி, ஆழத்துச் சூட்டில் காய்ந்து, லேசாகி, பின்னால் இறங்கும் நீர் தள்ள மேலே வருகிறது. எரிமலை எதுவும் இல்லை. ஆனால் அதற்கும் மழையை உள்ளே வாங்கும் மலை வேண்டும்.

இப்போது ஆஸ்திரேலியாவுக்கு வாருங்கள். அங்கே சுமார் 17 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு ஒரு ஆர்ட்டீசியன் படுகை விரிந்திருக்கிறது. 1878 முதல் ஆட்டுப் பண்ணைக்காரர்கள் துளைபோட்டு, தண்ணீரைத் திறந்த வாய்க்காலில் ஓடவிட்டார்கள். ராத்திரி பகலாக ஓடியது. பெரும்பகுதி வெயிலில் ஆவியாகவும் மண்ணில் இறங்கியும் போனது. அடியில் தண்ணீர் தீர்ந்துபோகவில்லை. ஆனால் அழுத்தம் இறங்கியது, பொங்கிய கிணறுகள் பல நின்றன, பழைய ஊற்றுகள் சில வற்றின. முதலில் போவது தண்ணீரின் உயரம். எங்கள் அம்மாவின் வாளிக்கு நேர்ந்ததும் அதுதான்.

பிறகு அங்கே கிணறுகளுக்கு மூடியும் வால்வும் போட்டு, வாய்க்காலுக்குப் பதில் குழாய் பதித்தார்கள். பல இடங்களில் அழுத்தம் மறுபடி ஏறியது.

எங்கள் தோட்டத்திலும் அப்புறம் பெண்களே பேசி ஒரு முறை வைத்துக்கொண்டார்கள். மேல் லயம் நிரப்பி முடிக்கும் வரை கீழ்க் குழாய்கள் மூடியிருக்கும். முதல் நாள் இருட்டில் எங்கள் குழாய் இரண்டு தடவை இருமியது. பிறகு வாளியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.