காதில் விழுகிறது, ஆனால் புரியவில்லை: ரைனியர் பிளோம்பின் ஆய்வு

[காட்சி: சென்னையில் ஒரு கல்யாண மண்டபம். நாதஸ்வரமும் தவிலும் முழங்க, பந்தியில் பேரன் குனிந்து பாட்டியிடம் பேசுகிறான்.]

"கத்தாதேடா, சத்தம் நல்லாத்தான் கேக்குது; நீ என்ன சொல்றேன்னுதான் புரியல." பாட்டிகளின் இந்தப் புகாரைச் சோதனையில் அளந்து காட்டியவர்களில் முக்கியமானவர் நெதர்லாந்தின் செவிப்புலன் ஆய்வாளர் ரைனியர் பிளோம்ப்.

அவர் முதலில் ஆராய்ந்தது இசையொலியை. 1965-இல் சக ஆய்வாளர் லெவெல்ட்டுடன் சேர்ந்து, ஒரே அதிர்வெண் மட்டும் கொண்ட இரண்டு தூய ஒலிகள் எந்த இடைவெளியில் இனிக்கின்றன, எதில் உரசுகின்றன என்று சோதித்தார். சுருதி சேராத தம்புராத் தந்திகளின் கரகரப்பு நினைவுக்கு வருகிறதா? நத்தைக்கூடு போன்ற உட்செவி, ஒலியை அதிர்வெண் வாரியாகச் சிறு பட்டைகளாகப் பிரிக்கிறது. இரு ஒலிகள் ஒரே பட்டைக்குள் நெருங்கி விழும்போதுதான் அந்த உரசல் எழுகிறது.

[காட்சி: உட்செவியின் வரைபடம், பட்டைகள் மெல்ல அகலமாகின்றன.]

ஒலியை உணரும் உட்செவியின் மயிர்ச்செல்கள் சிதைந்தால், மனிதருக்கு அவை மீண்டும் முளைப்பதில்லை. பட்டைகளும் அகன்றுவிடுவதால், பேச்சு விழும் இடத்திலேயே தவில் சத்தமும் வந்து விழுகிறது. 1978-இல் பிளோம்ப் எழுதிய கட்டுரை, ஒலி மங்குவதையும் ஒலி சிதைவதையும் தனித்தனிக் குறைகளாகப் பிரித்தது. ஒலியைப் பெருக்கும் காது மெஷின் முதலாவதை ஈடுகட்டும். இரைச்சலையும் சேர்த்தே பெருக்குவதால், இரண்டாவது அப்படியே நிற்கும்.

கட்டுரையைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, மறு ஆண்டு சக ஆய்வாளர் மிம்பனுடன் அவர் வெளியிட்ட சோதனைதான். ஒரு பட்டியலுக்கு 13 வீதம், பெண் குரலில் பதிவான அன்றாட வாக்கியங்களை இரைச்சலோடு கேட்கச் செய்து, பாதி வாக்கியங்களைப் பிழையின்றித் திருப்பிச் சொல்ல முடிகிற அளவைக் கண்டார்கள். அந்த எல்லையில், இரைச்சலோடு ஒப்பிடும்போது பேச்சின் அளவு ஒரே ஒரு டெசிபெல் (ஒலி அளவின் அலகு) குறைந்தாலே, புரிதல் சுமார் 15 முதல் 20 விழுக்காடு சரிந்துவிடும். அமைதியான அறையில் 'பீப்' ஒலியை மட்டும் கேட்கச் செய்யும் சோதனையில் இது தென்படாது.

[காட்சி: திரையில் மூன்று சொற்கள்: படம், தடம், கடம்.]

தமிழில் சொல்லிப் பாருங்கள். மூன்றிலும் உயிரொலி ஒன்றே. முதல் மெய்யைப் பிரித்துக் காட்டும் மெல்லிய குறிப்புகள் பெரும்பாலும் 1000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கின்றன, முதுமை முதலில் அரிப்பதும் உயர் அதிர்வெண்களைத்தான். பேரன் வெளிச்சத்தில் முகம் பார்த்துப் பேசினால், உதடு மூடுவதைக் கண்டு 'படம்' என்று பாட்டி பிடித்துக்கொள்வார். தடமா கடமா என்பதை உதடு அவ்வளவு தெளிவாகக் காட்டாது. அதற்குத் தவில் ஓயும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.