மூத்த புரோக் கலைஞர்களின் பிற்கால ஆல்பங்களை எப்படிக் கேட்பது

அவையோருக்கு வணக்கம்.

புரோக்ரெசிவ் ராக், சுருக்கமாகப் புரோக், என்றதும் நம் மனம் 1969க்கும் 1977க்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொள்கிறது. இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுக்க ஓடும் ஒரே பாட்டு, மெலட்ரான் (நாடாவில் பதிந்த ஒலிகளை வாசிக்கும் கீபோர்டு), எண்ண எண்ணப் பிடிபடாத தாளம் என்று அந்தக் காலத்துக்கு ஓர் உருவம் இருக்கிறது. அன்று இருபது சொச்சம் வயதில் அதையெல்லாம் வாசித்தவர்கள் இன்று எழுபதைக் கடந்தும் புது ஆல்பம் போடுகிறார்கள். வந்த வாரமே இரண்டு பேச்சு கிளம்பும். பழைய மாதிரி இல்லை என்பார் ஒருவர். இந்த வயதிலும் என்னமாய்ச் செய்கிறார் என்பார் இன்னொருவர். இருவருமே ஆல்பத்துக்குள் இன்னும் நுழையவில்லை என்பேன்.

பிற்கால ஆல்பத்தில் நாம் கேட்க வேண்டியது அந்தக் கலைஞர் எடுத்த முடிவுகளை. எதைக் கைவிட்டார், எதை விடாமல் வைத்துக்கொண்டார், தன்னால் முடியாததை எந்தக் கருவியிடம் ஒப்படைத்தார்? இளமையில் வேகத்தாலும் தெம்பாலும் மறைந்துபோகும் இந்த முடிவுகள், வயதான பிறகு வெளிச்சத்துக்கு வந்துவிடுகின்றன.

முதலில் குரல். வயது ஏற ஏறக் குரல்நாண் தசை மெலியும், நெகிழ்வு குறையும். இரண்டு நாண்களும் முழுக்க ஒட்டாமல் இடையில் காற்று கசியும். நம் காதில் கரகரப்பாகவும் மூச்சொலியாகவும் விழுவது அதுதான். நுரையீரலின் கொள்ளளவும் குறைவதால் நீண்ட வரியை ஒரே மூச்சில் இழுக்க முடியாது. இதை ஒப்புக்கொள்ளாத ஆல்பத்தைக் கண்டுபிடிப்பது எளிது. சரணத்தில் ஒற்றைக் குரல் இருக்கும், பல்லவி வந்ததும் நான்கைந்து குரல்கள் அடுக்கப்பட்டு எதிரொலியில் மூழ்கியிருக்கும். உச்ச ஸ்வரத்தில் குரல் நடுங்காமல், கோடு போட்டதுபோல் நேராக நின்றால் அங்கே மென்பொருள் வேலை செய்திருக்கிறது. ஒப்புக்கொண்டவர்கள் ஸ்தாயியை இறக்கிவிடுவார்கள், வரிகளைச் சின்னதாக்குவார்கள், வரிக்கும் வரிக்கும் நடுவே கருவிக்கு இடம் விடுவார்கள். நம் கச்சேரி வித்வான் வயதான பின் அரைக் கட்டை இறக்கிப் பாடினால் அதை யாரும் குறையாகச் சொல்வதில்லை. அதே பெருந்தன்மையை இங்கேயும் காட்டலாம்.

ஜெத்ரோ டல் குழுவின் பாடகரும் புல்லாங்குழல் கலைஞருமான இயான் ஆண்டர்சனை எடுத்துக்கொள்ளுங்கள். 1984 சுற்றுப்பயணத்தில் தொண்டை கெட்டபின் அவருடைய மேல்ஸ்தாயி பழையபடி திரும்பவே இல்லை. தனக்கு நாட்பட்ட நுரையீரல் நோய் இருப்பதையும் 2020இல் வெளிப்படையாகச் சொன்னார். அதற்குப் பிறகு வந்தவை 2022, 2023, 2025 ஆகிய ஆண்டுகளின் மூன்று ஆல்பங்கள். அவற்றில் அவர் பாடுவது பெரும்பாலும் நடுஸ்தாயியில், பேச்சுக்குப் பக்கத்தில். அடுத்த வேலையைப் புல்லாங்குழல் எடுத்துக்கொள்கிறது. பாடும் வரி எங்கே முடிகிறது, குழல் எங்கே தொடங்குகிறது என்பதைத் தொடர்ந்து கவனியுங்கள். 2025இல் வந்த 'கியூரியஸ் ரூமினன்ட்' ஆல்பத்தில் ஏறத்தாழ 17 நிமிடம் ஓடும் ஒரு பாட்டு இருக்கிறது. இந்தக் கைமாற்றலைப் பழகிக்கொள்ள அது நல்ல இடம்.

ஜெனிசிஸ் குழுவின் முன்னாள் பாடகர் பீட்டர் கேப்ரியலின் 'ஐ/ஓ' ஆல்பம் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டும். 2002இல் வந்த 'அப்' ஆல்பத்துக்கு 21 ஆண்டுகள் கழித்து, 2023 டிசம்பர் 1 அன்று, அவருடைய 73ஆம் வயதில் வெளிவந்தது. 12 பாட்டுகள், சுமார் 68 நிமிடம். அந்த ஆண்டு ஜனவரி முதல் ஒவ்வொரு பௌர்ணமிக்கும் ஒரு பாட்டாக வெளியிட்டுவிட்டு, கடைசியில் ஆல்பமாகத் தொகுத்தார். அதன் பெரிய கொடை, ஒரே பாட்டுகள் இரண்டு முழு மிக்ஸ்களாகக் கிடைப்பது. தனித்தனியாகப் பதிந்த குரலையும் வாத்தியங்களையும் அளவு பார்த்துச் சேர்ப்பதுதான் மிக்ஸ். 'பிரைட்-சைட்' மிக்ஸ் மார்க் 'ஸ்பைக்' ஸ்டென்ட் செய்தது, 'டார்க்-சைட்' சாட் பிளேக் செய்தது. நம்மைச் சுற்றி ஒலிக்கும் டால்பி அட்மாஸ் முறைக்காக ஹான்ஸ்-மார்ட்டின் பஃப் செய்த மூன்றாவது ஒன்றும் உண்டு. ஸ்டென்டை ஓவியராகவும் பிளேக்கைச் சிற்பியாகவும் கேப்ரியலே வருணித்திருக்கிறார்.

இதைக் கேட்பவர்கள் செய்யும் முதல் தவறு, 24 தடங்களையும் ஒரே மூச்சில் ஓட்டுவது. இரண்டேகால் மணி நேரத்துக்குக் காது தாங்காது, பத்தாவது பாட்டிலேயே வேற்றுமை மங்கிவிடும். பாட்டு ஒவ்வொன்றாக வெளிவந்த வரிசையே நமக்கு நல்ல வழிகாட்டி. ஒரு நாளைக்கு ஒரு பாட்டு போதும். பிரைட், டார்க், மறுபடி பிரைட் என்று மூன்று தடவை கேளுங்கள். ஒலியளவைச் சமப்படுத்திவிட்டுத்தான் தொடங்க வேண்டும். இரண்டில் ஒன்று ஒரு டெசிபல் கூடுதலாக இருந்தாலே காது அதைச் சிறந்தது என்று தீர்ப்பெழுதிவிடும். ஸ்ட்ரீமிங் செயலி என்றால் அமைப்புகளில் ஒலியளவைச் சமன் செய்யும் வசதியை இயக்குங்கள். சிடி என்றால் குரல் மட்டும் ஒலிக்கும் ஓரிடத்தை இரண்டிலும் பிடித்து, அங்கே வால்யூமை ஒரே அளவுக்குக் கொண்டு வாருங்கள்.

எங்கே தொடங்குவது? 'பிளேயிங் ஃபார் டைம்' என்ற பாட்டில். காலம், நினைவு, மரணம் பற்றிய பாட்டு, பியானோவின் மேல் நடப்பது. முதல் தடவை குரலை மட்டும் பின்தொடருங்கள். வரியின் கடைசிச் சொல்லில் மூச்சு தேய்வதை அவர் மறைக்கவில்லை, அந்தத் தேய்வையே உணர்ச்சியாக்கியிருக்கிறார். இரண்டாம் தடவை டோனி லெவினின் பேஸ் கிட்டாரைக் கேளுங்கள். அவரும் கேப்ரியலும் சேர்ந்து வாசிக்கத் தொடங்கி நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன. மூன்றாம் தடவை, வாத்தியக்குழு எப்போது உள்ளே வருகிறது, வந்ததும் பியானோ என்ன ஆகிறது என்று பாருங்கள். அப்புறம் அம்மாவை நினைத்து எழுதிய 'அண்ட் ஸ்டில்' பாட்டுக்குப் போகலாம். இந்த இரண்டையும் முப்பது வயதுக் கேப்ரியல் பாடியிருக்க முடியாது என்று எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது.

குழுவில் ஒருவர் போய்விட்டால் மீதிப் பேர் என்ன செய்கிறார்கள் என்பது அடுத்த விஷயம். வான் டெர் கிராஃப் ஜெனரேட்டர் குழு 2005இல் பழைய நால்வராகத் திரும்பியது. விரைவிலேயே சாக்ஸபோன் வாசித்த டேவிட் ஜாக்சன் விலகினார். வேறொருவரைத் தேடாமல் பீட்டர் ஹாமில், ஹியூ பேண்டன், கை எவன்ஸ் மூவராகவே தொடர்ந்தார்கள். 2008இல் 'டிரைசெக்டர்', 2016இல் 'டூ நாட் டிஸ்டர்ப்' வந்தன. பேண்டன் கைகளால் ஆர்கனையும் காலால் பெடல் வழியாக பேஸையும் வாசிப்பவர். காலால் வாசிக்கும் பேஸ் விரலால் மீட்டும் பேஸ் போலத் துள்ளாது, ஸ்வரங்களை ஊன்றி நிறுத்தும். அதனால் டிரம்ஸுக்குக் கூடுதல் இடம் கிடைக்கிறது, எவன்ஸ் அதை நன்றாகப் பயன்படுத்துகிறார். சின்ன ஸ்பீக்கரில் இந்தக் கீழ்ஒலி கரைந்துபோகும். காதை மூடும் ஹெட்போன் இருந்தால் அதில் கேளுங்கள்.

மைக் ஓல்ட்ஃபீல்டின் 'ரிட்டர்ன் டு ஓமடான்' 2017இல் வந்தது. தலைப்பிலேயே அவருடைய 1975 ஆல்பமான 'ஓமடான்'ஐத் தொடுகிறது. தலா 21 நிமிடம் போல இரண்டே பகுதிகள், எல்லா வாத்தியங்களும் அவரே. நடுவில் நிறுத்தினால் பயனில்லை. ஒரு பகுதிக்கு ஒரு மாலை ஒதுக்குங்கள், முதலில் வரும் மெட்டு எந்த நிமிடத்தில் எந்த வாத்தியத்தில் திரும்புகிறது என்று தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பழையதை நகல் எடுத்தாரா, அதோடு உரையாடினாரா என்பது அந்தத் தாளைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

நல்ல ஆல்பத்தைக் கெடுக்கும் சங்கதிகளும் உண்டு. இசைத்தட்டின் ஒரு பக்கம் சுமார் 20 நிமிடம் என்ற எல்லை 1970களில் ஆல்பங்களை இறுக்கிப் பிடித்தது. சிடி வந்ததும் 74 நிமிடம் இடம் கிடைத்தது, பலர் அதை நிரப்பியே தீர்த்தார்கள். இப்படிப்பட்ட ஆல்பத்தில் உங்களுக்குப் பிடித்த 42 நிமிடங்களை மட்டும் வரிசைப்படுத்திப் பாருங்கள், பல சமயம் அதற்குள் ஒரு நல்ல ஆல்பம் ஒளிந்திருக்கும். ஆளுக்கொரு ஊரில் பதிவு செய்து கோப்பாக அனுப்பிச் சேர்ப்பது இன்னொரு சிக்கல். கிட்டார் ஒரு வரியைத் தாமதித்து முடித்தால் டிரம்ஸ் காத்திருக்க வேண்டும். கோப்பில் வந்த டிரம்ஸ் காத்திருக்காது.

வெளியீட்டுக்கு முன் ஒலியைக் கடைசியாகச் சீராக்கும் வேலைதான் மாஸ்டரிங். அதில் வரும் கோளாறுக்கு ரஷ் குழுவின் 'வேப்பர் டிரெயில்ஸ்' பாடப்புத்தக உதாரணம். டிரம்மர் நீல் பியர்ட் மகளையும் மனைவியையும் அடுத்தடுத்து இழந்து, குழுவே நின்றுபோய், முந்தைய ஆல்பத்துக்கு ஆறு ஆண்டுகள் கழித்து 2002இல் வந்த ஆல்பம் அது. பாட்டுகளில் குறையில்லை. ஒலியை அளவுக்கு மீறி உரக்க ஏற்றியதால் அலைகளின் உச்சி வெட்டுப்பட்டு, சிம்பல் ஒலி நொறுங்குகிறது. அரைமணி நேரத்தில் தலை கனக்கும். 2013இல் டேவிட் பாட்ரில் முழுவதையும் புதிதாக மிக்ஸ் செய்தார். பியர்டின் டிரம்ஸோடு தொடங்கும் அந்த முதல் பாட்டை இரண்டு பதிப்பிலும் ஒரே ஒலியளவில் வைத்துக் கேட்டால், பிடிக்கவில்லை என்று நாம் ஒதுக்கும் ஆல்பங்களில் எத்தனைக்கு மாஸ்டரிங் காரணம் என்ற சந்தேகம் வரும். வர வேண்டும். பதிப்பு எது என்று பார்க்காமல் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

தயாரிப்பாளர் யார் என்பதையும் உறையில் தேடிப் பாருங்கள். பழம்பெரும் கலைஞரின் முன்னால் தலையாட்டுகிறவர் வாய்த்தால் ஆல்பம் தூங்கும். பிங்க் ஃபிளாய்ட் குழுவின் கிட்டார் கலைஞர் டேவிட் கில்மோர் 78 வயதில், 2024 செப்டம்பரில் வெளியிட்ட 'லக் அண்ட் ஸ்ட்ரேஞ்ச்' ஆல்பத்துக்குத் தயாரிப்பாளராக சார்லி ஆண்ட்ரூவை அழைத்தார். பிங்க் ஃபிளாய்ட் வரலாறு ஆண்ட்ரூவை அசைக்கவில்லை. இங்கே ஏன் கிட்டார் தனி வாசிப்பு வேண்டும், எல்லாப் பாட்டும் ஏன் மெல்ல மங்கித்தான் முடிய வேண்டும் என்று நேரடியாகவே கேட்டிருக்கிறார். கில்மோரும் அதை மகிழ்ந்தே சொல்லியிருக்கிறார். கேட்கும்போது இந்த இரண்டு கேள்விகளையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பாட்டும் எப்படி முடிகிறது? தனி வாசிப்பு வர வேண்டிய இடத்தில் வராமல் எங்கே நழுவுகிறது?

தலைப்புப் பாட்டில் கீபோர்டு வாசித்திருப்பவர் பிங்க் ஃபிளாய்டின் ரிச்சர்ட் ரைட். அவர் 2008இல் இறந்துவிட்டார். முந்தைய ஆண்டில் கில்மோர் வீட்டுக் களஞ்சியத்தில் எல்லோருமாய் உட்கார்ந்து வாசித்த பதிவிலிருந்து எடுத்து, அதன்மேல் பாட்டைக் கட்டியிருக்கிறார்கள். அந்த மூலப் பதிவும் சுமார் 14 நிமிட நீளத்தில் கூடுதல் தடமாக இருக்கிறது. ஆல்பம் முடிந்த சூட்டோடு அதற்குப் போகாதீர்கள், இன்னொரு நாள் தனியாக வையுங்கள். முதலில் தலைப்புப் பாட்டை ஒரு தடவை, அடுத்து 14 நிமிடத்தையும், பிறகு மறுபடி பாட்டை. எந்தத் துண்டை எடுத்தார்கள், எதை விட்டார்கள் என்பது மூன்றாவது தடவையில் தெரியத் தொடங்கும்.