லாச்சிக்கு ஒரு மழைக்காலம்

வணக்கம் நேயர்களே. நான் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து வருகிறேன். முப்பது வருடம் தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்தியவள். ஆனால் இன்றைக்கு என்னைக் கூப்பிட்டது எங்கள் வீட்டுச் சாமி மேடையைப் பற்றிப் பேசத்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் உட்கார்ந்து, 14 மாதத்தில் என் கையால் செய்து முடித்தது. இரண்டு கதவு, உள்ளே மூன்று படி, கீழே இரண்டு லாச்சி, அதாவது இழுப்பறை, நெற்றியில் 21 மாவிலை கோத்த தோரணம். தோரணமும் மரம்தான், செதுக்கியது.

வானொலியில் படம் காட்ட முடியாதே என்று வரும் வழியெல்லாம் யோசித்தேன். பரவாயில்லை. உங்கள் வீட்டில் ஒரு கதவு இருக்கும். மழை பிடித்துக்கொண்டால் சாத்த வராது, வெயில் வந்தால் தானாகச் சரியாகிவிடும். இருக்கிறதல்லவா? அந்தக் கதவை மனத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள். நான் சொல்ல வந்ததெல்லாம் அந்தக் கதவுக்குள் இருக்கிறது.

அப்பா ரப்பர் தோட்டத்துத் தச்சர். தொழிலாளர் குடியிருந்த லயத்து ஜன்னல், காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்துப் பெஞ்சு, பள்ளிக்கூட மேசை, எது உடைந்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அம்மா பால்மரம் வெட்டினார், அதாவது பட்டையைச் சீவிப் பால் எடுத்தார். தோட்டம் கைமாறி லயத்தை இடித்தபோது, எங்கள் வீட்டு நிலைச்சட்டத்தை அப்பா கழற்றி எடுத்து வந்துவிட்டார். மலாய்க்காரர்கள் செங்ஙால் என்று சொல்லும் மரம். அப்பா வாயில் அது செங்கல் கட்டை. ஆணி அடித்தால் ஆணிதான் வளையும், அப்படி ஒரு கெட்டி. தாமானுக்கு, அதாவது வீடமைப்புப் பகுதிக்கு, குடிவந்து இருபது வருடம் அது சுவரோரம் சாய்ந்தே கிடந்தது. அப்பா தவறிய பிறகு ஒருநாள் அம்மா, "அந்த நிலைக்கு ஒரு வழி பண்ணும்மா" என்றார். அப்படித் தொடங்கியதுதான்.

மேடையின் கூடு முழுக்க அந்த நிலைச்சட்டம். கதவுப் பலகை, லாச்சி, தோரணம் எல்லாம் பால்மரம், அதாவது ரப்பர் மரம். ஏன் பால்மரம் என்று கேட்கிறார்கள். எங்கள் ஊரிலிருந்து கோலாகங்சார் பக்கம்தான். 1877-இல் அங்கே 9 ரப்பர் கன்றுகளை நட்டார்கள். அதில் ஒரு மரம் மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் இன்னமும் நிற்கிறது. பிள்ளைகளை அழைத்துப்போய்க் காட்டியிருக்கிறேன். அந்த மரத்தைச் சீவித்தான் நம் பாட்டன் பூட்டன் சாப்பிட்டார்கள். இருபத்தைந்து, முப்பது வருடம் பால் கொடுத்து ஓய்ந்தால் வெட்டித் தள்ளிவிடுவார்கள். அப்போதெல்லாம் அது விறகு. ரப்பர் ஷீட்டைப் புகை போடும் புகைக்கூட்டில் எரிந்ததும் அதே மரம்தான். மேசை நாற்காலியாகி வெளிநாட்டுக்குக் கப்பலேறியதெல்லாம் பிற்பாடு.

ஒன்று சொல்லிவிடுகிறேன், தோட்டத்துப் பக்கம் வெட்டிக் கிடக்கும் மரத்தை நேரே கொண்டுவந்து செய்துவிடாதீர்கள். பால்மரத்தில் மாவுச்சத்து அதிகம். வெட்டிய ஓரிரு நாளிலேயே நீலம் பாரிக்கும், அப்புறம் வண்டு ஏறும். அப்பா எனக்கு ஒரு முக்காலி செய்து கொடுத்தார். மூன்றே மாதத்தில் அதன் அடியில் கோலமாவு கொட்டின மாதிரி தூள். போரான் மருந்து ஏற்றிச் சூளையில் காயவைத்த பலகையாகப் பார்த்து வாங்குங்கள்.

தோரணத்தைச் செதுக்கிய உளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது உளியே இல்லை, அம்மா பால் வெட்டிய ஜெபோங் கத்தி. மரம் வெட்டியவர்களுக்குத் தெரியும், அதன் முனை மடித்த வாழையிலை மாதிரி இருக்கும், நம் பக்கம் இழுத்துத்தான் வெட்ட வேண்டும். தேய்ந்துபோன ஒன்றை அப்பா சாணை பிடித்துச் சிறிதாக்கி வைத்திருந்தார். மாவிலையின் நடு நரம்புக்கு அதை வைத்து ஓர் இழு. நூல் கனத்தில் ஒரு சுருள் எழும்பி, கத்தியின் மடிப்பிலேயே வந்து நிற்கும். பலகையில் ஊசி குத்தினாற்போல் சின்னச் சின்னத் துளைகள், மரம் தண்ணீர் குடித்த வழி. நரம்பு அந்தத் துளைகளின் போக்கிலேயே போனால் இலை பிழைத்தது. குறுக்கே போனால் ஓரம் பிய்ந்துகொண்டு வரும். 21 இலைக்கு நான் 34 இலை செதுக்கினேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "மெதுவா இழு, மரத்துக்குக் காயம் படக்கூடாது" என்பார். பட்டையில் கத்தி வைத்த அந்தக் காலத்துப் பேச்சு அது.

சரி, லாச்சிக்கு வருகிறேன். மேடையை டிசம்பரில் தொடங்கினேன். பிப்ரவரியில் முதல் லாச்சியைப் பொருத்தினேன். நல்ல வெயில். ஒரு தாள் நுழையும் இடைவெளிதான் விட்டேன். தள்ளினால் உள்ளே இருக்கும் காற்று புஸ்ஸென்று வெளியேறும். பார்க்கிறவர்களையெல்லாம் கூப்பிட்டுத் தள்ளிக் காட்டினேன்.

தீபாவளி வந்தது. மேடை முழுசாக முடியவில்லை, ஆனாலும் அதில்தான் விளக்கு வைக்க வேண்டும் என்று அம்மா பிடிவாதம். முதல் நாள் இரவே கற்பூரம், தீப்பெட்டி, திரி எல்லாவற்றையும் லாச்சியில் வைத்துத் தள்ளிச் சாத்திவிட்டார். இரவெல்லாம் மழை. விடிகாலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்து இழுத்தால், வரவில்லை. நான் இழுத்தேன், வரவில்லை. தம்பி இழுத்தான், குமிழ் கையோடு வந்துவிட்டது. அம்மா ஈரத்தலையோடு நிற்கிறார். பக்கத்து வீட்டில் கற்பூரம் வாங்கி வந்து விளக்கேற்றினோம். பிறகு பின்பலகையின் திருகாணிகளைக் கழற்றி, பின்னாலிருந்து குத்தித்தான் லாச்சியை வெளியே தள்ளினேன். அன்றைக்கு என் கண் கலங்கிவிட்டது.

ஏன் இப்படி? மரம் பலகையான பிறகும் காற்றின் ஈரத்தைக் குடிக்கும், விடும். நீளவாக்கில் ஏறக்குறைய ஒன்றும் ஆகாது, அகலவாக்கில் ஊதும். சூளையில் காய்ந்த பலகை 8 முதல் 12 சதவீத ஈரத்தோடு கடைக்கு வருகிறது. ஜன்னல் திறந்து கிடக்கும் நம் வீடுகளில் 15 வாக்கில் போய் நிற்கும். என் லாச்சி முகப்பு 15 செண்டிமீட்டர் உயரம். நவம்பரில் அளந்தேன். ஒன்றரை மில்லிமீட்டர் கூடியிருந்தது.

அப்பா சொன்னது அப்போதுதான் புரிந்தது. "வீட்ல நிக்காத மரத்துக்குக் கடைசி இழைப்பு போடாதே" என்பார். கடைசி இழைப்பு, நேயர்களே, அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். வெட்டுங்கள், கழுந்து (இணைப்புக்கு விடும் நாக்கு) போடுங்கள், கூட்டைப் பசை வைத்து முடுக்குங்கள், செதுக்குங்கள், எல்லாம் செய்யலாம். லாச்சியின் கடைசி இழைப்பை மட்டும், அது நிற்கப்போகிற அறையிலேயே ஒரு மழைக்காலம் இருந்துவிட்டு வந்த பிறகு போடுங்கள். மழையில் வழுக்கிக்கொண்டு போகிற அளவுக்கு இழையுங்கள். வெயிலில் கொஞ்சம் இடைவெளி தெரியும், தெரியட்டும். இரண்டாவது லாச்சியை அப்படித்தான் செய்தேன். முதல் லாச்சியையும் அந்த நவம்பரிலேயே இழைத்துவிட்டேன். கதவுக்கும் இதே கதைதான். நடுப்பலகையைச் சட்டத்தின் காடிக்குள், அதாவது பள்ளத்துக்குள், பசை போடாமல் சும்மா நிறுத்த வேண்டும். பசை போட்டு இறுக்கினால் ஊதும்போது சட்டத்தைப் பிளக்கும், சுருங்கும்போது தானே வெடிக்கும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வானொலி நிலையத்துத் தம்பி இரண்டு விரல் காட்டுகிறார். இரண்டு நிமிடம். பாலிஷ் பற்றி நிறைய எழுதி வைத்திருந்தேன், வேகமாகச் சொல்கிறேன். உப்புத்தாள் நம்பர் 120, 180, 240 என்று வரிசையாகப் போங்கள், தாண்டாதீர்கள். 240 முடிந்ததும் ஈரத்துணியால் ஒரு துடை. முள் முள்ளாக நார் எழும்பும், காய்ந்த பிறகு மறுபடி 240. சாமி மேடைக்கு அரக்குப் பாலிஷ் வேண்டாம், சூடான கற்பூரத்தட்டு வைத்தால் வெள்ளை வட்டம் விழும். நான் ஆளிவிதை எண்ணெய்தான் போட்டேன், மெல்லிசாக நான்கு பூச்சு, ஒவ்வொன்றும் நன்றாகக் காய்ந்த பிறகு அடுத்தது.

இதை மட்டும் தவறாமல் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த எண்ணெயைத் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைத்தொட்டியில் போட்டுவிடாதீர்கள். காயும்போது அது சூடேறும், சுருட்டி வைத்த துணி தானாகவே தீப்பிடிக்கும். வெளியே கொடியில் ஒவ்வொன்றாக விரித்துப் போடுங்கள், விறைத்துக் காய்ந்த பிறகு எறியலாம். கீல், குமிழ் பற்றியெல்லாம் சொல்ல நேரமில்லை. வணக்கம்.